சரோஜாவின் அறுபத்தோராவது லெவல்

ஓடிவிட்டது!

லாரி இல்லை. லாரி ஓடியதற்கெல்லாம் நான் பத்தி எழுதுவதில்லை. ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் என் பட்டறைக்குள் இழுத்து வரப்பட்ட லாரி எதுவும் இழுத்தபடியே வெளியே போனதில்லை — இது ஊருக்கே தெரியும். வாராவாரம் இதைப் படிக்கிற உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேனே!

ஓடியது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பழைய விளையாட்டு. என் மகள் கவிதாவுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. அவள் தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே அது பழசு.

போன வியாழக்கிழமை மத்தியானம் அது ஓடியது. அந்த நிமிஷம் நான் விட்ட மூச்சில் ஜன்னல் திரை ஆடியிருக்கும். நாலு நாளாக நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்த மூச்சு.

ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா என்கிறீர்களா? சொல்கிறேன்.

என் மனைவி சரோஜாவின் குரல் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பட்டறை ஆபிசில் இருபது வருஷம் போன் எடுத்தவள் அவள்தான். "லாரி எங்க நிக்குது? கியர் விழுதா, விழலியா? டிரைவர் சாப்ட்டானா?" — இந்த மூன்றையும் கேட்காமல் போனை வைக்கமாட்டாள்.

போன் வராத நேரத்தில் ஆபிஸ் கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு. கவிதா ஏற்றி வைத்தது. ஒரு குட்டி மனிதன் சுரங்கத்துக்குள் இறங்குவான். மண்ணைத் தோண்டி வைரம் பொறுக்க வேண்டும். தலைக்கு மேலே பாறைகள். தப்பான இடத்தில் தோண்டினால் பாறை விழும், ஆள் காலி. எல்லா வைரத்தையும் எடுத்துவிட்டால் கதவு திறக்கும். அடுத்த லெவல். மொத்தம் அறுபது.

கவிதா பள்ளிக்கூடம் முடித்தாள், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள், விளையாட்டை மறந்தாள். சரோஜா மறக்கவில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் சரோஜாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது.

பேச்சு திரும்பிவிட்டது. திரும்பியதும் முதல் வேலையாக என்னைத் திட்டினாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நடையும் கைத்தடியோடு வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. விரல்கள் உள்ளுக்கு மடங்கிக்கொண்டு, யாரிடமோ கோபித்துக்கொண்ட மாதிரி இருந்தன.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுப்பவர் ஒரு மலாய்க்காரப் பெண். தன்மையானவர். ஆனால் விஷயத்தை மறைக்கமாட்டார். "பாக்சிக், இந்த மாசங்கள்தான் முக்கியம். விரல் தினமும் வேலை செஞ்சா திரும்பும். சும்மா இருந்தா இறுகிடும். அப்புறம் நான் இழுத்தாலும் வராது" என்று மலாயில் சொன்னார். நான் அவருக்குப் பாக்சிக், அதாவது மாமா; சரோஜா மாக்சிக், அத்தை.

அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். சரோஜா அதை மூன்றே நாளில் சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

"நான் என்ன சின்னப் புள்ளயா, பந்து வெச்சி வெளாட?"

துணிக் கிளிப்பைக் கயிற்றில் மாட்டிக் கழற்றச் சொன்னார்.

"துணியே இல்லாத கயித்துல கிளிப்பு மாட்டவா? பாக்கிறவங்க எனக்கு மூளையிலயும் ஸ்ட்ரோக்குன்னு நெனைக்கப் போறாங்க."

கடைசியில் கவிதாதான் ஒரு வழி சொன்னாள். நான் இந்தப் பத்தியை டைப் பண்ணுகிற லேப்டாப்பில் அந்தப் பழைய விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். நேரடியாக ஓடாது. லேப்டாப்பைப் பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்க வைக்கிற ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. அதற்குள் வைத்தால் ஓடும். குட்டி மனிதனை நகர்த்த அம்புக்குறி போட்ட நாலு பட்டன். அவை இருப்பது வலது கைப்பக்கம்.

முதல் நாள் ஒரே விரல். பத்து நிமிஷம். ஒரு மாதத்தில் மூன்று விரல். பாறை விழும்போதெல்லாம் அவள் போடுகிற சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. எனக்கு அது கோயில் மணி மாதிரி இருந்தது. கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொடச் சொல்லி ஆஸ்பத்திரியில் சோதிப்பார்கள். ஆள்காட்டி விரல் தொட்டது. அடுத்த மாதம் நடுவிரல். அதற்கடுத்து மோதிர விரலையும் தொட்டுவிட்டது.

அப்போதுதான் அறுபது லெவலும் முடிந்தது.

இரண்டாவது தடவை ஆடச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு ஆடிக் காட்டினாள். "இதெல்லாம் மனப்பாடங்க. நம்ம சமையக்கட்டுல நடக்கிற மாதிரி இருக்கு. என்னா சுவாரசியம்?" லேப்டாப்பை மூடினாள். மூடியதுதான். போனில் புதிய விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். "ஒரு வைரம் எடுக்கறதுக்குள்ள நாலு ஷாம்பு விக்கிறான்" என்று அதையும் தள்ளிவிட்டாள்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. கை மறுபடி கோபித்துக்கொள்ள ஆரம்பித்தது.

திங்கட்கிழமை கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, அந்த கேம இன்னும் ஆடறவங்க உலகம் பூரா இருக்காங்கப்பா. அவங்களே புதுசு புதுசா லெவல் செஞ்சி நெட்டுல போடறாங்க."

"யாரு கம்பெனிக்காரனா?"

"இல்லப்பா. ஃபேன்ஸ். சும்மா ஆசைக்குச் செய்யறாங்க. நூத்துக்கணக்குல இருக்கு. லிங்க் அனுப்பறேன். ஞாயித்துக்கெழம வந்து நானே போட்டுத் தரேன்."

"ஞாயிறா? அதுக்கு இன்னும் ஆறு நாளு கெடக்கு. நீ சிங்கப்பூர்ப் பாலத்துல ஜாமுல நின்னு வந்து சேர்றதுக்குள்ள நான் போட்ருவேன்."

"அப்பா... அது லாரி இல்லப்பா."

"எல்லாம் லாரிதாம்மா. சாமான் மாட்டணும், ஸ்டார்ட் பண்ணணும். போலே லா, முடியும்."

இதில் தற்பெருமை ஒன்றும் இல்லை. நான் ரெங்கத்துப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். பன்னிரண்டு வயதில் ஸ்பேனர் கழுவப் போனவன். இங்கிலீஷ் எழுத்தை வாத்தியாரிடம் படிக்கவில்லை — ஸ்பேர் பார்ட்ஸ் புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். இன்றைக்குச் சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற இன்ஜினியர்கள் என் பட்டறைக்கு வந்து, "அங்கிள், இந்த சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க" என்கிறார்கள். காதை வைத்தே சொல்லுவேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு குட்டி மனிதனை அறுபத்தோராவது சுரங்கத்துக்குள் இறக்கத் தெரியாதா?

கவிதா அனுப்பிய லிங்க்கைத் திறந்தேன். லெவல் செய்தவர் வழிமுறையும் எழுதியிருந்தார். புதிய ஃபோல்டர் ஒன்று திற. லெவல்களை அதற்குள் போடு. விளையாட்டோடு வருகிற ஒரு குறிப்பு ஃபைலில், அந்த ஃபோல்டரின் பெயரை ஒரு வரியில் எழுது. அவ்வளவுதான்.

செய்தேன். சரோஜாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். ஸ்டார்ட் பண்ணினேன்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி — லெவல் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லையா? இப்போதுதானே வைத்தேன்! இந்தக் கையால்!

ஸ்டார்ட் ஆகாத லாரிக்கு ஒரு முறை இருக்கிறது. எண்ணெய் வருகிறதா, காற்று வருகிறதா, கரண்ட் வருகிறதா — ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அப்படியே பார்த்தேன். லெவலை மறுபடி இறக்கினேன். ஃபோல்டரை இடம் மாற்றினேன். வரியை அழித்துவிட்டு அதையே திரும்ப எழுதினேன். செவ்வாய் முழுக்க இதே வேலை. பழைய அறுபதும் ஓடியது. புதியது மட்டும் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை.

"என்னங்க, இழுத்துக்கிட்டுப் போக டோ லாரியக் கூப்புடவா?" என்றாள் சரோஜா.

கவிதா வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "எப்படிப்பா போவுது?"

"முடிஞ்ச மாதிரிதான்" என்று பதில் போட்டேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்... வாழ்க்கையில் நான் எழுதிய மிகப் பெரிய பொய் அது.

புதன்கிழமை ஆஸ்பத்திரி நாள். வழக்கம்போல விரல் சோதனை. கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தொட்டது. நடுவிரலை, கொஞ்சம் நடுங்கித் தொட்டது. மோதிர விரலுக்குப் போகும் வழியில் காற்றிலேயே நின்றுவிட்டது. போன மாதம் தொட்ட விரல்! அந்தப் பெண் சரோஜாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "மாக்சிக், வீட்டில் ஆடுவதை நிறுத்திட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். சரோஜா கையை மெதுவாக உருவிக்கொண்டாள். நான் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வரும் வழியில் காருக்குள் சொன்னாள்:

"இந்தக் கை இவ்ளோதான்னு நெனைக்கிறேங்க. இனிமே எடது கையிலயே பழகிக்கிறேன். நீங்களும் விடுங்க."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். நாற்பது வருஷத் தொழிலில் செய்யாத காரியம் — எனக்குத் தெரியவில்லை என்று எழுதி உதவி கேட்டேன். லெவல் இருக்கிற அந்தப் பக்கத்தின் அடியில், ஆடுகிறவர்களும் செய்கிறவர்களும் பேசிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. அங்கே போய் இங்கிலீஷில் எழுதினேன். சாமானுக்கு ஆர்டர் எழுதுகிற மாதிரிதான் எனக்கு வரும். "புது லெவல் மாட்டியாச்சு. பழைய லெவல் நல்ல கண்டிஷன். புதுசு ஸ்டார்ட் இல்லை. மனைவிக்குக் கை பிரச்சினை. அவசரம்."

வியாழக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது பதில் வந்திருந்தது. எழுதியவர் யார் தெரியுமா? அந்த லெவல்களைச் செய்தவரே! பெயர் யானெக். போலந்து நாட்டுக்காரர். ரயிலில் டீசல் இன்ஜின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவராம்.

இன்ஜின்காரர்! எனக்கு அப்போதே பாதி உயிர் வந்துவிட்டது.

ஒரு நல்ல மெக்கானிக் என்ன கேட்பானோ அதையே கேட்டார்: "அறிவுரை அப்புறம். முதலில் நீங்கள் எழுதிய அந்த வரியை அப்படியே எனக்குக் காட்டுங்கள்."

காப்பி எடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் திரும்பக் கேட்டார்:

"பெயருக்கு முன்னால் கொக்கி மாதிரி, நத்தை மாதிரி ஒன்று இருக்கிறதே... அது என்ன?"

உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. அது அங்கே இருப்பதே என் கண்ணில் படவில்லை. நம் வீட்டு வாசல்படி நம் கண்ணில் படுமா?

பிள்ளையார் சுழி!

நான் எதைத் தொடங்கினாலும் முதலில் ஓர் உ. பில் புத்தகத்தின் முதல் பக்கம், பிரிக்கப் போகிற இன்ஜின் மேல் சாக்பீஸில், இந்தப் பத்தி ஒவ்வொன்றின் தலையிலும்கூட — பத்திரிகையில் அச்சடிக்கும்போது எடுத்துவிடுகிறார்கள், அது அவர்கள் பாடு. புது லெவலுக்குப் புது ஃபோல்டர் திறந்தபோதும் கை தன்னால் தமிழுக்கு மாறி ஓர் உ போட்டது. பிறகு ஓர் இடைவெளி. அதற்கப்புறம் சரோஜா என்று இங்கிலீஷ் எழுத்தில். கேம் வெள்ளைக்காரன் கேம் என்று தெரியாதவனா நான்? பெயரைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

யானெக்குக்குப் பதில் எழுதினேன்: "அது கடவுள்."

பிறகு வந்தது பதில். "நண்பரே, மரியாதையோடு சொல்கிறேன். இந்த கேம் பிறந்தபோது அதற்குத் தெரிந்தது இங்கிலீஷ் எழுத்தும் எண்களும்தான். எங்கள் போலந்து எழுத்துகூட அதற்கு ஆகாது. தெரியாத எழுத்தைக் கண்டால் அந்த ஃபோல்டரே இல்லை என்று சொல்லிவிடும். இடைவெளி விடக் கூடாது. எட்டு எழுத்துக்கு மேலும் போகக் கூடாது. உங்கள் கடவுளைக் கொஞ்சம் வெளியே காத்திருக்கச் சொல்ல முடியுமா?"

சரோஜாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வெளிய நிக்கச் சொல்றதா? யாரு, பிள்ளையாரயா?"

"அவரு நல்ல மனுசன் சரோ. வெவரம் தெரியாமச் சொல்றாரு."

"சுழிய எடுத்தா ஓடுமா?"

"ஓடுமாம்."

"அப்ப எடுங்க."

எடுக்கத்தான் போனேன். என் கை மவுஸ் மேலேயே நின்றது. யோசித்துப் பாருங்கள்... எதற்காக இந்த லெவல்? இவள் கைக்காக. அந்தக் காரியத்துக்கு நானே போட்ட சுழியை நானே அழிப்பதா? அதுவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது?

"என்னங்க, எடுக்கலியா?"

"நீ எடேன்."

"நான் மாட்டேன்."

இரண்டு பேரும் ஒரு சின்ன உகரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சரோஜாதான் வழி கண்டுபிடித்தாள். சுரங்கத்துக்குள் வழி கண்டுபிடித்த மூளை அல்லவா?

"ஏங்க, தமிழுதானே அதுக்குத் தெரியாது? இங்கிலீஷ்ல அவரு பேரு எழுதுங்க. ஃபோல்டருக்கே அவரு பேரு வைங்க. என் பேரு எதுக்கு?"

அடடா! எழுதினேன். பீ, ஐ, எல், எல், ஏ, ஐ, ஒய், ஏ, ஆர். எண்ணினால் ஒன்பது.

"அலமாக்! ஒண்ணு கூட."

"கணேஷ்னு போடுங்க."

"டயர்க் கடைக்காரன் பேரு அது. லெவல் ஓடிச்சின்னா அவனாலதான் ஓடிச்சின்னு ஊரெல்லாம் சொல்லுவான்."

"உங்களோட..." என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனவள் நிறுத்தினாள். "இருங்க. விநாயகா. அது எத்தன எழுத்து வரும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே எண்ண ஆரம்பித்தாள். நம் ஆட்கள் எண்ணுவது மாதிரி — கட்டை விரலால், விரல் கணு விரல் கணுவாக.

"வீ... ஐ... என்..."

வலது கையில்.

நான் அசையவில்லை. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு எண்ணினாள். கையைப் பார்க்கவே இல்லை. ஆள்காட்டி விரலில் மூன்று கணு முடிந்தது.

"ஏ... ஒய்... ஏ..."

நடுவிரலில் மூன்றும் முடிந்தது. அடுத்த எழுத்து மோதிர விரலில் விழ வேண்டும். நேற்று காற்றிலேயே நின்றுபோன இடம். சொல்லிவிடலாமா? சொன்னால் கை பயந்துவிடுமோ? எத்தனையோ இன்ஜின் முதல் சத்தம் கொடுப்பதற்காகக் காத்திருந்திருக்கிறேன். இந்த மாதிரிக் காத்திருந்ததில்லை.

கட்டை விரல் கொஞ்சம் நடுங்கியது. நின்றது. பிறகு போனது.

"ஜீ."

தொட்டுவிட்டது. நுனியில். அதற்கப்புறம் அடுத்த கணுவுக்கும் இறங்கியது.

"ஏ. எட்டு! சரியா எட்டுங்க. டைப் பண்ணுங்க... ஏன் அப்படிப் பாக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எனக்கு எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. லேப்டாப் ஸ்கிரீனில் ஏதோ கோளாறு.

ஃபோல்டருக்கும் குறிப்பு வரிக்கும் இங்கிலீஷில் விநாயகா என்று டைப் பண்ணினேன். ஸ்டார்ட் பண்ணினேன். கறுப்புத் திரை. ஒரு நொடி, இரண்டு நொடி... அந்தப் பழைய டிங் டிங் பாட்டு! குட்டி மனிதன் தொப்பியோடு வந்து நின்றான். யாரும் தோண்டாத மண். யாரும் மனப்பாடம் பண்ணாத பாறைகள்.

சரோஜா இரண்டு அடி தோண்டினாள். பாறை விழுந்தது. ஆள் காலி. மறுபடி. மறுபடி காலி. பதினோரு தடவை செத்தாள்.

"யாருங்க இந்த போலந்துக்காரன்? மனுசந்தானா இவன்? கதவுகிட்டயா கொண்டாந்து பாறைய வெப்பான்?"

அப்பாடா! பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற சத்தம்!

யானெக்குக்கு நன்றி சொல்லி, மனைவி உங்களைத் திட்டுகிறாள் என்றும் எழுதினேன். தன் லெவலை யாராவது திட்டி ரொம்ப நாளாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். அவளுக்காகக் கொஞ்சம் சுலபமாக ஒன்று செய்து அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"சொலபமாவா? என்னா நெனச்சிக்கிட்டிருக்காரு? இத விடக் கஷ்டமா அனுப்பச் சொல்லுங்க."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அந்த மலாய்ப் பெண்ணிடம் மோதிர விரல் கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அதான் பாக்சிக். சோதனைன்னு தெரிஞ்சா கை பயந்துக்கும். மனசு வேற எங்கயோ இருக்கும்போது தன்னால போகும். அந்த மாதிரி நேரம் நிறைய உண்டாக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை கவிதா வந்தாள். அம்மா அறுபத்து நாலாவது லெவலில் இருப்பதைப் பார்த்து, "அப்பா! நெசமாவே நீங்களேவா போட்டீங்க?" என்றாள். நானேதான் என்றேன். போலந்தில் ஓர் உதவியாள் வைத்திருந்தேன் என்றும் சொன்னேன்.

பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் வீட்டில் இப்போது ஒரு மாற்றம். வடை எத்தனை இருக்கிறது என்றால் எனக்குத் தெரிவதில்லை. தீபாவளிக்கு எத்தனை நாள் என்றால் விழிக்கிறேன். கவிதாவின் பெயருக்கு இங்கிலீஷில் எத்தனை எழுத்து என்பதுகூட மறந்துவிட்டது. "கொஞ்சம் எண்ணிச் சொல்லேன் சரோ" என்கிறேன். அவளும் என்னைத் திட்டிக்கொண்டே, கூரையைப் பார்த்துக்கொண்டு எண்ணுகிறாள்.

நாற்பது வருஷம் தொழில் நடத்தியவன் — என் வீட்டில் இப்போது எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாத மடையன் நான்தான்!